நாலாம் நம்பர் கோளாறு

பெட்டி உங்க முட்டில இடிக்குதுங்களா? இருங்க, மடில வெச்சுக்கறன். கனமெல்லாம் இல்லீங்க, வெறும் பிளாஸ்டிக்குத்தான். உள்ள என்னன்னா, பஸ்ஸுல சொல்ற சமாச்சாரமில்ல. இருந்தாலும் கேட்டுட்டீங்க. படுத்த படுக்கையா இருக்கறவிங்களுக்கு ஒண்ணுக்கு ரெண்டுக்கு எடுக்கற மெஷின் இருக்குதல்லங்க, அதுல மாட்டற கப்பு. அவிநாசியில ஒரு ஊட்ல பழசு கீறிப்போச்சுன்னு போன் பண்ணுனாங்க. மாத்திக் குடுக்கப் போறன்.

அட, உங்க மாமனாரும் படுக்கைலதானுங்களா? எத்தன மாசமா? ஆறு மாசம். பாத்துக்கறது உங்க சம்சாரமா... நெம்பக் கஷ்டமுங்க. எனக்குத் தெரியும். ஆறு வருசமா நான் இந்த மாதிரி ஊடுகளுக்குத்தான் போயிட்டிருக்கறன். கதவைத் தொறக்கற ஆளோட கண்ணப் பாத்தே சொல்லிருவன், உள்ள எத்தன மாசமாப் படுத்திருக்காங்கன்னு.

நல்ல மெஷினுங்க. கம்பெனிக்காரன்கறதுக்காகச் சொல்லல. கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு பெட்டி நிக்கும். அதுல ரெண்டு டேங்க். ஒண்ணுல நல்ல தண்ணி, இன்னொண்ணுல கழிவு. அதுல இருந்து ஒரு டியூப் வரும், டியூப் முனையில இந்தக் கப்பு. ஆளு ஒண்ணுக்குப் போனாலுஞ்செரி, ரெண்டுக்குப் போனாலுஞ்செரி, அதுவே கண்டுபிடிச்சு இழுத்துரும். வெதுவெதுன்னு தண்ணி அடிச்சுக் கழுவும். சூடு காத்து ஊதிக் காய வெக்கும். மூணு நிமிசத்துல வேலை முடிஞ்சுரும். டெமோவுக்குப் போனா நான் மொதல்ல சொல்றது ஒண்ணேதான். 'ஆரு கையும் பட வேண்டியதில்லீங்க'ன்னு சொல்லுவன். அந்த வார்த்தைய சொன்னதும் ஊட்ல இருக்கறவிங்க மூஞ்சி மாறும் பாருங்க. வாங்கிருவாங்க.

வாங்கலாமான்னு கேக்கறீங்க. வாங்கலாமுங்க. அதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா ஒரு ஊட்ல நடந்தது ஒண்ணு இருக்குது. என் சம்சாரத்துக்கிட்டக்கூட பாதிதான் சொன்னன். உங்கள எனக்குத் தெரியாது, என்னைய உங்களுக்குத் தெரியாது. அவிநாசி வர்ற வரைக்கும் நேரமும் இருக்குது.

திருப்பூருல, காங்கயம் ரோட்டுலிருந்து உள்ள தள்ளி. கீழ பனியன் கம்பெனி, மேல ஊடு. ஓனரு பேரு பூபதி. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். அவரு அம்மாவுக்குத்தான் மெஷினு. மயிலாத்தான்னு பேரு, அறுவத்தொரு வயசு. முப்பது வருசம் கம்பெனி கம்பெனியாப் போயி ஓவர்லாக் தையல் அடிச்சவிங்க. புருசன் சின்ன வயசுலயே தவறிட்டாரு. ஒத்தப் பையன். அந்தப் பையனே பத்து மெஷினு போட்டு ஓனராகற வரைக்கும் கொண்டாந்து உட்டுட்டு, ஒரு நா காலைல பக்கவாதத்துல உழுந்துட்டாங்க. மொத தடவை வலது பக்கமும் பேச்சும் போச்சு. ரெண்டாந்தடவை வந்ததுல இடது கையும் போச்சு. இடது கால் முட்டி மட்டும் நாலு விரக்கடை ஆடும். அவ்வளவுதான் மிச்சம்.

பேச்சுல ஒரு வார்த்தை மட்டும் தங்கிருச்சுங்க. 'இல்ல.' அது மட்டுந்தான் வரும். சாப்பிட்டீங்களான்னா இல்ல. வலிக்குதான்னா இல்ல. மகனைக் காட்டி இது ஆருன்னு கேட்டாலும் இல்ல. டாக்டரு சொன்னாராம், இந்த வியாதில அப்படித்தான், ஒரே வார்த்தை மாட்டிக்கும், அர்த்தம் இருக்காதுன்னு. அர்த்தம் இருக்காதுன்னு டாக்டரே சொன்னாருங்க. அத நீங்க ஞாவகம் வெச்சுக்குங்க.

நான் டெமோவுக்குப் போனப்ப ஒரு பொம்பளை அந்தம்மாவுக்குத் தலை சீவிட்டிருந்தாங்க. ராசாமணின்னு பேரு, பாத்துக்கறதுக்கு வெச்சிருந்த ஆளு. ஒன்றரை வருசமா காலைல எட்டுக்கு வந்து பொழுதோட போறவிங்க. என்னையப் பாத்ததும், "பாரு மயிலக்கா, மெஷின்காரரு வந்துட்டாரு. இனி என்னைய வெரட்டிருவாங்க" அப்படின்னு சிரிச்சாங்க. அந்தம்மா "இல்ல"ன்னாங்க. "என்ன இல்ல? வெரட்டத்தான் போறாங்க, நீ வேண்ணாப் பாரு"ன்னு ராசாமணி சொல்ல, அந்தம்மா மறுபடியும் "இல்ல." அப்படியே சண்டை போட்டுட்டிருந்தாங்க ரெண்டு பேரும்.

பூபதி என்கிட்டக் கேட்டாரு, "ஏனுங், இது வந்தா ஆளு வேணுங்களா?"

வேண்டியதில்லீங்கன்னு சொன்னன். எல்லா ஊட்லயும் சொல்றதுதானுங்க. அப்பறம் அவிய நிறுத்தறதும் வெச்சுக்கறதும் அவிய இஷ்டம். அடுத்த மாசம் மெஷினு மாட்டப் போனப்ப ராசாமணி இல்ல. ஒரு ஆணில சீப்பு மட்டும் தொங்கிட்டிருந்துச்சு.

மாட்டிக் குடுத்தன். நல்லா ஓடுச்சு. ரெண்டு வாரம் சத்தமே இல்ல. அப்பறம் பூபதி சம்சாரம் மேகலா போன் பண்ணுனாங்க. தங்கமான புள்ளைங்க. கீழ பேக்கிங்கையும் பாத்துக்கிட்டு, மேல சமையலு, ரெண்டு கொழந்தைங்க, மாமியாருக்கு மூணு நேரம் ஊட்டறது எல்லாம் அந்தப் புள்ளைதான். "அண்ணா, மெஷினு கத்திக்கிட்டே இருக்குதுங்ணா. நாலுன்னு காட்டுது"ன்னுச்சு.

நாலாம் நம்பருன்னா கப்பு நகந்துருச்சுன்னு அர்த்தமுங்க. நகந்தா ஒழுகிருமல்ல, அதுக்காக அலாரம். பீப், பீப், பீப்னு மூணு தடவை, சித்த நேரம் உட்டு மறுபடியும் மூணு. ஆராவது வந்து கப்பைச் செரி பண்ணி பட்டனை அமுக்குனாத்தான் நிக்கும்.

போனன். கப்பு சைஸு பெருசோன்னு சின்னது மாத்துனன். மூணு நாள்ல மறுபடியும் போன். ஒயரு மாத்துனன். மறுபடியும். முழு செட்டையும் புதுசு போட்டன். மறுபடியும் அதே நாலு. எனக்கு மானம் போற மாதிரி ஆகிப்போச்சுங்க. என் ஏரியாவுல இருவத்தாறு மெஷினு இருக்குது. எதுலயும் இப்படி இல்ல.

ஒண்ணு சொல்றன். நான் போனா அந்தம்மா மூஞ்சி அப்படியே மலரும். வாய் ஒரு பக்கமாத்தான் போகும், ஆனா சிரிப்புன்னு தெரியும். எனக்கு ஒரு பெருமை. முப்பது வருசம் மெஷினுல வேலை செஞ்சவிங்க, நல்ல மெக்கானிக்கப் பாத்தா அவிங்களுக்குத் தெரியுமல்லன்னு நெனைச்சுக்குவன்.

நாலாந்தடவை போனப்ப ஒரு முடிவோட போனன். கோளாறு வர்ற வரைக்கும் எந்திரிக்கறதில்லன்னு கட்டிலுக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துட்டன். ரெண்டு மணி நேரம். சும்மா உக்காந்திருக்க முடியுங்களா? பேச்சுக் குடுத்தன். எம் பொண்ணு பத்தாவதுல கணக்குல தடுமாறறது, எங்க ஓனரு புதுசா டை கட்டச் சொல்றது, டை கட்டிக்கிட்டு எப்படிங்க கழிவு டேங்கைக் கழட்டறது, இப்படி ஏதோ பேசிட்டே இருந்தன். கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நடுநடுவுல "இல்ல." ஒரு பீப் கூட வரல. ரெண்டு மணி நேரமுங்க, ஒண்ணு கூட வரல.

செரி, செரியாயிருச்சுன்னு பையை எடுத்துக்கிட்டுப் படி எறங்கறன். கடைசிப் படி. பீப், பீப், பீப்.

ஓடி மேல போனன். கப்பு ஒரு பக்கம் நகந்திருந்துச்சு. செரி பண்ணி பட்டனை அமுக்குனன். அந்தம்மா சிரிச்சாங்க. படி எறங்குனன். மறுபடியும். நான் என்ன நெனச்சேன் தெரியுங்களா? படியில நடக்கற அதிர்வுல எங்கியோ லூஸ் காண்டாக்ட் ஆகுதுன்னு நெனச்சன். அப்படித்தானுங்க நெனச்சன். பொய் சொல்லல.

அப்பறம் ரூமுக்குள்ள போகாம, மொட்டை மாடிக்குப் போற வழியில ஒரு சன்னலு இருக்குது, அது வழியா எட்டிப் பாத்தன். அந்தம்மா வாசப்படியவே பாத்துட்டுப் படுத்திருந்தாங்க. இடது முட்டி மெதுவா மேல வந்துச்சு. நாலு விரக்கடை. அப்பறம் உள்பக்கமாச் சாஞ்சு கப்பைத் தள்ளுச்சு. மூஞ்சியெல்லாம் வேர்த்து ஒழுகுது. ஒரு தடவை முடியல. மூச்சு வாங்கிட்டு மறுபடியும் தள்ளுனாங்க. பீப் வந்துச்சு. அப்பத்தான் கண்ணத் திருப்பி சன்னல்ல என்னையப் பாத்தாங்க. முட்டி அப்படியே நின்னுருச்சு.

கீழ போயி சொன்னன். "மெஷினுல ஒண்ணுமில்லீங்க. அம்மாவுக்குக் கால்ல நரம்பு இழுக்குது. அதுல கப்பு நகருது."

"ஒழுகுதா?"ன்னு பூபதி கேட்டாரு.

"அந்த அளவுக்கு நகரல. ஒழுகாது."

மேகலா அப்படியே சுவத்துல சாஞ்சு நின்னுச்சு. "அப்பறம் எதுக்குங்ணா அந்தச் சத்தம்? ஒரு நாளைக்கு இருவது தடவை படி ஏறறன். போயிப் பாத்தா ஒண்ணுமே இருக்கறதில்ல. அத்தை சிரிச்சுட்டுப் படுத்திருக்காங்க. கீழ வந்து உக்காந்தா மறுபடியும். அத மட்டும் நிறுத்த முடியாதா?"

முடியுமுங்க. செட்டிங்கல நாலாம் நம்பருக்கு மட்டும் சத்தத்தை நிறுத்தலாம். டேங்க் ரொம்புனாக் கத்தும், தண்ணி தீந்தாக் கத்தும், இதுக்கு மட்டும் கத்தாது. மேனுவல்லயே இருக்குது. கஸ்டமர் கேட்டா செஞ்சு குடுக்கலாமுன்னு போட்டிருக்குது. நான் என்ன கையெழுத்து வாங்காமச் செஞ்சேனுங்களா? வாங்கிட்டுத்தான் செஞ்சன்.

மேல போயி, அந்தம்மா தலைமாட்டுல உக்காந்துதான் செஞ்சன். மெஷினோட மூடியத் தொறந்து, உள்ள பட்டனை அமுக்கி. அவிங்க என் கையவே பாத்துட்டிருந்தாங்க. ஓவர்லாக் மெஷினை முப்பது வருசம் கழட்டிப் பூட்டறதப் பாத்தவிங்க. நான் மூடியப் போட்டு ஸ்க்ரூ முறுக்கறப்ப, "இல்ல"ன்னாங்க. அப்பறம் சித்த நேரம் கழிச்சு, இழுத்து, "இல்லே..."ன்னாங்க.

"செரிங்கம்மா, வரட்டுங்களா"ன்னு சொல்லிட்டு வந்துட்டன். அன்னிக்கு சனிக்கிழமை.

அதுக்கப்பறம் அந்த ஊட்லயிருந்து போன் வரவே இல்ல. ஒரு வாரம், ரெண்டு வாரம், ஒரு மாசம். எனக்கு நெம்ப சந்தோசம். எங்க கம்பெனி மீட்டிங்குல அந்த மாசம் ஒரு கம்ப்ளெயிண்ட் கூட இல்லாத ஏரியான்னு என்னைய எந்திரிச்சு நிக்கச் சொல்லிக் கை தட்டுனாங்க.

முப்பத்தெட்டாம் நாள் பூபதி கூப்பிட்டாரு. "தண்டபாணி, மெஷினைக் கழட்டிட்டுப் போயிருங்க. அம்மா தவறிட்டாங்க."

நெஞ்சுல சளி கட்டி ரெண்டு நாள் காய்ச்சலாம். மத்தியானம் ஒரு மணிக்கு மேகலா கஞ்சி கொண்டுக்கிட்டுப் போனப்ப மூச்சில்லையாம். மெஷினுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. டாக்டரு எழுதிக் குடுத்திருக்காரு. நான் போனப்ப பூபதி என் கையப் புடிச்சுக்கிட்டாரு. "கடைசி ஒரு மாசம் அம்மா ஒரு தொந்தரவு இல்லாம, ஒரு சத்தம் இல்லாம நிம்மதியா இருந்தாங்க. உங்க மெஷினு புண்ணியம்"னாரு. வந்திருந்த ஒறம்பரை சொந்தக்காரங்ககிட்டயெல்லாம் என்னையக் காட்டி அதையே சொன்னாரு.

மெஷினை ஆபீஸுக்குக் கொண்டாந்தன். திரும்பி வந்த மெஷினைக் கழுவி, உள்ள ஒரு கார்டு இருக்கும், அத எடுத்துக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கோணும். என்னிக்கு எத்தன மணிக்கு என்ன நடந்துச்சுன்னு எல்லாம் அதுல பதிஞ்சிருக்கும். சத்தத்தைத்தான நான் நிறுத்துனன்? பதியறத நிறுத்தலியே. கப்பை ஒவ்வொரு தடவை தள்ளறதும் தனித்தனியாப் பதிஞ்சிருக்கும்.

சனிக்கிழமை, நான் வந்ததுக்கப்பறம் பொழுதுக்குள்ள இருவத்தொம்பது தடவை நாலு. ஞாயித்துக்கிழமை அறுவத்தி மூணு. திங்கக்கிழமை அம்பத்தெட்டு. ஒவ்வொண்ணா எறக்கிப் பாத்துட்டே போறன். நாப்பது, முப்பத்தஞ்சு, இருவது. அந்தம்மா ஒரு தடவை அந்த முட்டியத் தூக்கறதுக்குப் பட்ட பாட்டைக் கண்ணால பாத்தவன் நான். அறுவத்தி மூணு தடவைங்க, ஒரே நாள்ல. மூணாவது வாரம் நாளுக்கு அஞ்சு, ஆறு. அப்பறம் தெனத்துக்கு ஒண்ணே ஒண்ணு. அதுவும் காலைல பத்தரையிலிருந்து பதினொண்ணுக்குள்ள மட்டும். இருவத்தாறாம் நாளோட அதுவும் நின்னுருச்சு. அப்பறம் பன்னெண்டு நாள், சுத்தம். ஒண்ணுமே இல்ல. ஒண்ணுக்கு, ரெண்டுக்கு, கழுவுனது, காய வெச்சது, அது மட்டும் வரிசையா இருக்குது.

நரம்பு இழுப்புன்னு நான் சொன்னது உண்மைன்னா, நான் சன்னல்ல நிக்கறதப் பாத்ததும் அது ஏங்க நிக்கோணும்? அன்னிக்கே இது எனக்குத் தோணிருக்கோணுமல்ல? தோணுச்சோ என்னமோ. தோணல. தோணலைங்க.

அன்னிக்கிருந்து காதுக்குள்ள ஒரு சத்தம். மூணு பீப். சாப்பிடறப்ப வரும், வண்டி ஓட்டறப்ப வரும். சம்சாரத்துக்கிட்ட "எதோ கத்துது பாரு"ன்னா, "ஒண்ணுங் கத்தல"ங்கறா. காது டாக்டர்கிட்டப் போனன். ஹெட்போன் எல்லாம் மாட்டிப் பாத்துட்டு, "உங்க காது பத்து வயசுப் பையன் காது மாதிரி இருக்குது"ன்னு அனுப்பிட்டாரு. மெஷினுக்குப் பக்கத்துலயே இருக்கறவனுக்கு அப்படித்தான் இருக்குமாட்ட.

கார்டைக் கைல வெச்சுக்கிட்டு ஒரு வாரம் சுத்துனன். அப்பறம் ராசாமணியத் தேடிப் போனன். எதுக்குன்னு எனக்கே தெரியல. செட்டிபாளையத்துப் பக்கம் வேற ஒரு ஊட்ல வேலைக்கு இருந்தாங்க. வாசல்ல வெச்சுக் கேட்டன், "காலைல பத்தரை பதினொண்ணு மணிக்கு அந்தம்மாவுக்கு என்னங்க பண்ணுவீங்க?"

"தொடச்சு உட்டுத் தலை சீவுவன். அப்பத்தான் கதை பேசுவோம். தெரு ஞாயமெல்லாம் நான் சொல்லோணும், அக்கா கேக்கோணும்."

"அவிங்களுக்குத்தான் இல்லங்கறதத் தவர பேச வராதே?"

அந்தப் பொம்பளை என்னைய ஒரு மாதிரியாப் பாத்துச்சு. "ஆரு சொன்னது? அக்காவோட இல்ல நாலஞ்சு மாதிரிங்ணா. வெடுக்குன்னு சொன்னா கோவம். மூக்குல சொன்னா சிரிப்பு. ஊங்கொட்டற மாதிரி மெல்லச் சொன்னா, செரி, மேல சொல்லுன்னு அர்த்தம். ஒன்றரை வருசத்துல எனக்கு எல்லாம் அத்துப்படி."

நான் கேக்காம இருந்திருக்கலாம். கேட்டன். ஒரு தடவை சாதாரணமா, அப்பறம் இழுத்து... அந்தம்மா மாதிரியே சொல்லிக் காட்டுனன்.

ராசாமணி டக்குன்னு சொல்லுச்சு. "அதுவா? நான் பொழுதோட கெளம்பறப்ப தெனமும் சொல்லும். போயிராதன்னு. நான் நாளைக்கு வந்துருவன்க்கான்னு கன்னத்தைத் தொட்டுட்டு வருவன்." சொல்லிட்டு, "ஏங்ணா, உங்ககிட்ட எப்பச் சொல்லுச்சு?"ன்னு கேட்டுச்சு.

வண்டியத் திருப்பிக்கிட்டு வந்துட்டன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை பூபதி ஊட்டுக்குப் போனன். அந்தக் கார்டுல இருந்தத ரெண்டு பேப்பரா எடுத்துக்கிட்டு. எதுக்குப் போனீங்கங்கறீங்களா? அவரு எங்க போனாலும் எம் மெஷினு புண்ணியமுன்னு சொல்லிட்டிருந்தாருங்க. அவரு சொல்லி ரெண்டு பேரு எங்கிட்ட மெஷினு கேட்டு வந்துட்டாங்க. அத எப்படிங்க நான் வாங்கிக்கறது?

ஹால்ல உக்காந்திருந்தாரு. பேப்பரைக் குடுத்து, இது இன்னது, இந்த நம்பருக்கு இது அர்த்தமுன்னு சொன்னன். ரெண்டு மணி நேரம் அம்மாகிட்ட உக்காந்து பேசுனதையும், சன்னல்ல பாத்ததையும் சொன்னன். ராசாமணி சொன்னதையும் சொன்னன். படிச்சாரு. வெரலை வெச்சு ஒவ்வொரு வரியாப் படிச்சாரு. அந்த ஞாயித்துக்கிழமைகிட்ட வந்ததும் வெரலு நின்னுருச்சு.

"ரெண்டு மணிலிருந்து நாலு மணிக்குள்ள பதினெட்டு" அப்படின்னாரு.

"ஆமாங்க."

"அன்னிக்கு கம்பெனி லீவு. சாப்பிட்டுட்டு அந்த ரூம்ல படுத்துத் தூங்குனன்." கை காட்டுனாரு. அம்மா ரூமுக்கு அடுத்த ரூமு. நடுவுல ஒரு சுவருதான். "ரொம்ப நாளைக்கப்பறம் அன்னிக்குத்தான் நல்லாத் தூங்குனன். மேகலாகிட்டச் சொன்னன், சத்தமில்லாம எத்தன நல்லா இருக்குதுன்னு."

என்னைய நாலு வார்த்தை வெய்வாருன்னு நெனச்சன். அடிச்சாலும் வாங்கிக்கலாமுன்னுதான் போனன். அப்ப மேகலா காப்பி கொண்டாந்துச்சு. "என்ன பேப்பருங்க அது?"ன்னு கேட்டுச்சு. அவரு அத நாலா மடிச்சாரு. "மெஷினு வாரண்டி பேப்பரு. திருப்பிக் குடுத்ததுக்கு"ன்னு சொல்லிச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு. சத்தத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்டது அந்தப் புள்ளைதானுங்களே. அந்தப் புள்ளை சாமி படத்துக்குப் பக்கத்துல மாமியா படத்துக்கு மாலை போட்டு வெச்சிருக்குது. "காப்பில சக்கரை செரியா இருக்குதுங்களாண்ணா?"ன்னு கேட்டுச்சு. இருக்குதும்மான்னு சொன்னன். எனக்கு ஒரு ருசியும் தெரியல.

கீழ வரைக்கும் வந்து வழியனுப்புனாரு. வண்டிய எடுக்கறப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. "ரெண்டு மணி நேரம் உக்காந்து பேசுனேன்னீங்களே. அம்மாகிட்ட என்ன பேசுனீங்க?"

எம் பொண்ணு கணக்குல தடுமாறறதப் பத்தின்னு சொன்னன். தலையாட்டிக்கிட்டாரு.

இது நடந்து நாலு மாசம் ஆச்சுங்க. ஆபீஸுல நான் இப்ப நாலாம் நம்பரு சத்தத்தை நிறுத்தித் தர்றதில்ல. கஸ்டமரு சண்டைக்கு வர்றாங்க, ஓனரு திட்டறாரு. திட்டிக்கட்டும். ஏற்கனவே நிறுத்திக் குடுத்த மூணு ஊட்டுக்குப் போயி மறுபடியும் போட்டு உட்டுட்டு வந்தன். ஒரு ஊட்ல மெஷினே வேண்டாமுன்னு திருப்பிட்டாங்க. கை தட்டுன அதே மீட்டிங்குல இந்த மாசம் என்னைய நிக்க வெச்சுக் கேள்வி கேட்டாங்க. செட்டிங்கு கம்பெனியோடது, உன்னோடதில்லன்னாங்க. எல்லாத்துக்கும் செரிங்கன்னுட்டு வந்துட்டன். இந்தப் பெட்டியோட சேத்து இன்னும் ரெண்டு மாசம் ஓடுமான்னு தெரியல, எம் பொழப்பு.

உங்க மாமனாருக்குப் பேச்சு வருங்களா? வருது. அப்பச் செரி. நல்லதுங்க. அவரு ஏதாச்சுஞ் சொன்னா... இல்ல, நான் என்ன சொல்றது. உங்களுக்குத் தெரியாததா.

எனக்குப் புரியாத ஒண்ணு இருக்குதுங்க. இந்தப் பூபதி. வாரத்துல மூணு நாலு நாள் எனக்குப் போன் பண்றாரு. காலைல, பத்தே முக்கால் பதினொண்ணு வாக்குல. அப்பத்தான் கம்பெனில டீ டைமோ என்னமோ. போனை எடுத்தா, "சாப்பிட்டீங்களா தண்டபாணி?"ம்பாரு. ஆச்சுங்கன்னா, "எங்க இருக்கறீங்க?"ம்பாரு. சொல்லுவன். அப்பறம் ஒண்ணும் பேச மாட்டாரு. பின்னால ஓவர்லாக் ஓடற சத்தம் கேக்கும். வெச்சரட்டுங்களான்னா, ம்னு சொல்லுவாரு, ஆனா வெக்க மாட்டாரு. மெஷினும் இல்ல, சர்வீசும் இல்ல, எங்கிட்ட அவருக்கு ஒரு வேலையும் இல்ல. எதுக்குக் கூப்படறாருன்னே தெரியல. மொதல்ல ரெண்டு தடவை, வேலையில இருக்கறேன்னு வெச்சுட்டன். இப்ப அப்படி வெக்கறதில்ல. அவரு பேசாட்டி நான் ஏதாச்சும் பேசறது. பொண்ணு பாஸாயிட்டா, மழை வர்ற மாதிரி இருக்குது, இப்படி.

மணி என்னங்க, பத்து அம்பதா? பாத்தீங்களா. இந்தாங்க, இந்தப் பெட்டியச் சித்தப் புடிங்க, பேண்ட்டுப் பையிலிருந்து எடுக்கோணும்... அவருதான்.

ஹலோ, சொல்லுங்க பூபதி... ஆச்சுங்க, இட்லிதான்... பஸ்ஸுல இருக்கறன், அவிநாசி போயிட்டிருக்கறன்... ம்... ம்...

இல்லீங்க, ஒரு தொந்தரவும் இல்ல. எறங்கறதுக்கு இன்னும் நேரமிருக்குது. நீங்க இருங்க, வெக்காதீங்க. நான் இருக்கறன்.